கிராம சபையில் எதைக் கேட்பது: வங்கிக் கிளையா, தபால் ஆபீஸிலேயே முழு வங்கி வேலையா?

மாந்தோப்பு (கொட்டாம்பட்டி பக்கம்)

வணக்கம். மேலூர் தாலுகா, கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி. நாலு குக்கிராமம், சுமார் 600 வீடு. தென்னை, மா, கொஞ்சம் கடலை. நிலம் இல்லாதவர்களுக்குக் கயிறு திரிக்கிற வேலையும் நூறு நாள் வேலையும். வங்கிக்குப் பஸ் ஏற வேண்டும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாதுதான், ஆனால் அன்றைய கூலி போய்விடுகிறது. ஊருக்குள் இருப்பது ஒரே ஒரு கிளை அஞ்சலகம், தினமும் நாலு மணி நேரம்.

அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடப் பேச்சு. ஒரு சாரார் வங்கிக் கிளை வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார், தபால்காரர்தான் வீட்டு வாசலுக்கே வருகிறாரே, வங்கி வேலை மொத்தத்தையும் தபால் ஆபீஸிடம் கொடுக்கச் சொல்வோம் என்கிறார்கள். இங்கே புழங்குவது மகளிர் உரிமைத் தொகை 1,000, முதியோர் உதவித்தொகை, நூறு நாள் கூலி, குழுச் சேமிப்பு, அவ்வளவே. லட்சத்தில் போட ஆளில்லை.

இந்த மாதிரி ஜனங்களுக்கு வங்கி வேலையைத் தபால் ஆபீஸ் தலையில் கட்டுவது சரிதானா? எதுவரைக்கும் செய்வார்கள், எங்கே மாட்டும்? உள்வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தபால்பை

தபால் ஆபீஸ் வங்கி வேலை பார்க்கலாமா என்பது 1882இலேயே தீர்ந்துபோன விஷயம். அஞ்சலக சேமிப்பு வங்கி அந்த வருஷம் தொடங்கியது. இன்றைக்கு உங்கள் ஊரில் சிக்கல் வேறு. ஒரே மேஜையில் இரண்டு வங்கி உட்கார்ந்திருக்கிறது, ஜனங்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

ஒன்று அந்தப் பழைய அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு, சுருக்கமாக எஸ்.பி., பாஸ்புக் உள்ளது. குறைந்தபட்ச இருப்பு 500 ரூபாய், வட்டி 4 சதவீதம். மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரைக்கும் கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. அதனால் போடுகிறவர்கள் 10ஆம் தேதிக்குள் போட வேண்டும், எடுக்கிறவர்கள் மாதம் பிறந்ததும் எடுக்க வேண்டும். 500க்குக் கீழே விட்டால் மார்ச் 31 அன்று பராமரிப்புக் கட்டணம் பிடிப்பார்கள். மூன்று நிதியாண்டு தொடாமல் விட்டால் கணக்கு தூங்கிவிடும். ஆதாரும் பாஸ்புக்கும் கொடுத்து எழுப்ப வேண்டும்.

இரண்டாவது இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி, சுருக்கமாக ஐபிபிபி. 2018 செப்டம்பர் 1இல் நாடு முழுக்க வந்தது. சாதாரணச் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. ஆதார், கைபேசி, விரல் ரேகை இருந்தால் சில நிமிஷத்தில் கணக்கு. உதவித்தொகைகள் இதிலும் விழும். நாள் முடிவில் இதில் 2 லட்சத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வட்டியும் எஸ்.பி.யைவிடக் குறைவு. பேமென்ட்ஸ் வங்கி என்பதால் ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் கொடுக்கவே முடியாது. வேறு வங்கிக் கடனுக்குப் பரிந்துரை எழுதலாம், அவ்வளவுதான்.

பணம் அனுப்பச் சொல்லும்போது எழுதிக் கொடுக்கிற ஐஎஃப்எஸ்சி என்ற வங்கிக் குறியீடு இரண்டுக்கும் வேறு. எஸ்.பி.க்கு எந்த ஊர்த் தபால் ஆபீஸாக இருந்தாலும் ஐபிஓஎஸ் (IPOS) என்ற நாலு ஆங்கில எழுத்து, நாலு பூஜ்யம், டிஓபி (DOP). ஐபிபிபிக்கு ஐபிஓஎஸ், ஆறு பூஜ்யம், ஒன்று. ஒன்றுக்கு இன்னொன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் வரவில்லை என்று அலைகிறவர்கள் அநேகம்.

இனி எங்கே மாட்டும் என்பது. கல்லாவில் மாட்டும்.

கிளை அஞ்சலகம் பெரும்பாலும் அரசுக் கட்டடத்தில் இருக்காது. இடம் கொடுக்க வேண்டியது பி.பி.எம். என்கிற கிளை போஸ்ட் மாஸ்டர் பொறுப்பு, அதாவது அநேகமாக அவர் வீட்டு முன்னறை. பெட்டக அறை இல்லை, காவல் இல்லை. அதனால் ஒவ்வொரு கிளைக்கும் இவ்வளவுதான் கையில் வைத்திருக்கலாம் என்று ஒரு கையிருப்பு வரம்பு உண்டு. மிஞ்சினால் தபால் பையில் கட்டிக் கணக்கு அலுவலகத்துக்கு, அதாவது மேலே இருக்கிற துணை அஞ்சலகத்துக்கு, அனுப்ப வேண்டும். குறைந்தால் இன்றைக்கு எழுதிக் கேட்டு, நாளைப் பையில் வரும். கிளை அஞ்சலகத்தில் ஒரு கணக்கிலிருந்து நாளுக்கு 20,000 வரை எடுக்கலாம் என்று விதி சொல்கிறது. முன்பு அது 5,000. ஆனால் நாலு பேர் ஒரே காலையில் 20,000 கேட்டால் 80,000 வேண்டும். முன்னறைப் பெட்டியில் அது ஏது? “பணம் இல்லை, நாளைக்கு வாங்க” என்று பி.பி.எம். சொல்வது முக்கால்வாசி நேரம் இதனால்தான். ஆளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பெரிய தொகை வேண்டுமென்றால் முதல் நாளே, பை கட்டுவதற்கு முன், சொல்லி வைக்க வேண்டும்.

போடுவதற்கும் எல்லை உண்டு: கிளை அஞ்சலகத்தில் ஒரு கணக்கில் நாளுக்கு 50,000.

இன்னொன்று கறாராகச் சொல்கிறேன், துறைக்காரர்கள் கோபித்தாலும் சரி. கிளை அஞ்சலக மோசடிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கும்: பாஸ்புக்கில் மையால் எழுதி முத்திரை குத்தியிருக்கும், கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. பணம் கட்டினால் கருவியிலிருந்து வருகிற ரசீதுத் துண்டை வாங்காமல் நகரக் கூடாது. ரசீதில் உள்ள இருப்பும் பாஸ்புக்கில் உள்ள இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பேப்பர் தீர்ந்துவிட்டது என்றால் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறதா பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துணை அஞ்சலகத்தில் பாஸ்புக்கைக் கொடுத்து இருப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தெர்மல் ரசீது சுருக்குப்பையில் கிடந்தால் சில மாதத்தில் வெளுத்துவிடும், அதையும் சொல்லி வையுங்கள்.

வரவுப்பத்தி

தபால்பை சார் சொன்ன கல்லா விஷயம் உண்மை. ஆனால் வங்கிப் பக்கத்தையும் கேளுங்கள். 600 வீட்டுக்கு முழுக் கிளை வராது. தீர்மானம் போட்டால் கோப்பில் தூங்கும். வரக்கூடியது நிலையான இடத்தில் உட்காரும் வங்கி முகவர். வாரம் ஐந்து நாளாவது, நாளுக்கு நாலு மணி நேரமாவது அவர் இருந்தால் அதையே ரிசர்வ் வங்கி வங்கிச் சேவை மையமாகக் கணக்கில் எடுக்கிறது. மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கிற முன்னோடி வங்கி, மதுரைக்குக் கனரா. அதன் மாவட்ட மேலாளருக்கு இந்தக் கோரிக்கை போனால் பதில் வரும்.

முகவரிடம் மாட்டும் இடம் கமிஷன். ஆதார் ரேகை வைத்துப் பணம் எடுப்பதற்கு வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது, அவருக்கு வங்கி கொடுக்கும். இருந்தாலும் ஆயிரத்துக்குப் பத்து, இருபது என்று பிடிக்கிற கடைகள் இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் தபால்காரர் மேல். அவர் துறை ஆள், மேலே புகார் சொல்ல இடம் இருக்கிறது.

எல்லாரையும் ஐபிபிபிக்கு மாற்றுங்கள் என்று ஊரைக் கிளப்பாதீர்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கிறார்கள் என்பதுதான் காரணம் என்றால், இருக்கிற வங்கியிலேயே கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஜன்தன் கணக்கும் அந்த வகைதான். இருப்பு தேவையில்லை, மாதம் நாலு முறை இலவசமாக எடுக்கலாம். அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு மட்டும் இருக்கக் கூடாது.

வேறு நாட்டில் நடந்தது ஒன்று. அமெரிக்காவில் 1911 முதல் 1967 வரை தபால் ஆபீஸில் சேமிப்பு இருந்தது, பிறகு மூடிவிட்டார்கள். வங்கி கிட்டாத ஏழைகளுக்காக மறுபடி தொடங்கலாம் என்று 2021இல் நாலு ஊரில் சோதனை வைத்தார்கள். 500 டாலர் வரைக்கும் சம்பளச் செக்கைக் கொடுத்தால் கையில் ரொக்கம் தரவில்லை, கடையில் செலவழிக்கிற பரிசு அட்டை கொடுத்தார்கள். சில மாதத்தில் வந்தது ஆறே பேர். ஏழைக்கு வேண்டியது ரொக்கம். அது இல்லாத ஜன்னலை எங்கே திறந்து வைத்தாலும் ஆள் வராது. இதில் எனக்கும் தபால்பை சாருக்கும் ஒரே கட்சி.

மாந்தோப்பு

ரொம்ப நன்றி சார். இடையில் ஒன்று. இங்கே பத்துப் பன்னிரண்டு பேருக்கு இரண்டு மூன்று மாதமாக உரிமைத் தொகை வரவில்லை. ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறது, பணம் அனுப்பியாச்சு என்று தாலுகா ஆபீஸில் காட்டுகிறது. தபால்காரர் ரேகை வைத்துப் பார்த்துக் கணக்கில் ஒன்றும் இல்லை என்கிறார். எல்லாருமே போன வருஷம் முகாமில் புதுக் கணக்கு தொடங்கியவர்கள். என்னவாக இருக்கும்?

ரேகைக்காரன்

அண்ணே, பணம் எங்கேயும் போகல. வேற கணக்குல உட்கார்ந்திருக்கு.

ஒருத்தருக்கு ஆதார் எத்தனை வங்கிக் கணக்குல வேணும்னாலும் இணைச்சிருக்கலாம். ஆனா அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போகணும்கிறதுக்கு, வங்கிகளுக்கு நடுவுல பணம் மாத்தி விடுற என்பிசிஐ-ல ஒரு பதிவு இருக்கு, அதுல ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான். கடைசியா எந்த வங்கி அதுல ஏத்துச்சோ அதுக்குத்தான் பணம். முகாம்ல கணக்கு தொடங்குறப்ப “உதவித்தொகை இந்தக் கணக்குக்கு வரட்டுமா”ன்னு ஒரு கட்டம் இருக்கும். படிச்சுச் சொல்ல ஆளில்லாம அதுல டிக் போட்டாச்சுன்னா அந்த நிமிஷத்துல இருந்து பாதை மாறிரும். பழைய பாஸ்புக்கைத் தூக்கிக்கிட்டு அலைவாங்க.

பார்க்குற வழி லேசு. சாதா போன்லயே *99*99*1# அடிச்சு 12 இலக்க ஆதார் எண்ணைப் போட்டா எந்த வங்கின்னு வந்துரும். ஆதார் இணையதளத்துலயும் வங்கி இணைப்பு நிலைன்னு இருக்கு, அதுக்கு ஓடிபி வேணும். ரெண்டுலயும் வங்கிப் பேருதான் வரும், கணக்கு எண் முழுசா வராது.

அடுத்தது தபால்காரர் கருவி. ரேகை வைக்கிறதுக்கு முன்னால எந்த வங்கின்னு அவர் தேர்வு பண்ணணும். அந்த அம்மா பழைய வங்கிப் பேரைச் சொல்லும், அவரும் அதையே தொடுவார். அங்க இருப்பு பூஜ்யம். அதே விரலை வச்சு, அந்தப் பதிவுல இருக்கிற வங்கியைத் தேர்வு பண்ணிப் பார்க்கச் சொல்லுங்க, மூணு மாசப் பணமும் சேர்ந்து நிக்கும். அப்புறம் எந்தக் கணக்குக்கு வேணுமோ அந்த வங்கியில ஆதார் இணைப்பு, உதவித்தொகை ஒப்புதல் ரெண்டும் சேர்ந்த படிவம் எழுதிக் குடுக்கணும். வெறும் ஆதார் ஜெராக்ஸ் குடுத்தா இணைக்கத்தான் செய்வாங்க, பாதை மாறாது.

ரேகை விழாத கதைக்கு வருவோம். உங்க பக்கம் தேங்காய் மட்டை உரிக்கிறவங்க, கயிறு திரிக்கிறவங்க, சிமெண்ட் கலக்குறவங்க எல்லாருக்கும் பெருவிரல், ஆள்காட்டி விரல் ரேகை தேஞ்சு போயிருக்கும். ஈரத்துணியில விரலைத் துடைச்சுக் காயவிட்டு மோதிர விரல்ல வச்சுப் பாருங்க, அது அதிகமாத் தேயாது. பத்து விரலும் விழலைன்னா ஆதார் மையத்துல கைரேகையைப் புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்டுல ஐபிபிபி முகத்தைக் காட்டிப் பணம் எடுக்கிற வசதியும் கொண்டுவந்திருக்கு. வயசானவங்களுக்கு அதைக் கேட்டு வாங்குங்க. வெயில்ல நிக்க வச்சு எடுத்தா எடுக்காது, நிழல்ல உட்கார வைக்கணும்.

கணக்குல கழிஞ்சிருச்சு, கையில பணம் வரல, கருவி சுத்திக்கிட்டே நின்னுருச்சுன்னா, மறுபடி விரல் வைக்காதீங்க. முதல்ல இருப்பு எவ்வளவுன்னு மட்டும் பாருங்க. கழிஞ்சிருந்தா அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பி வரணும்கிறது ரிசர்வ் வங்கி விதி. அதுக்கு மேல போனா நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடு. தேதி, நேரம், ரசீதுல இருக்கிற பரிவர்த்தனை எண்ணைக் குறிச்சு வச்சுக்கங்க.

ஆதார் ரேகை வச்சு ஒரு தடவைக்கு 10,000 ரூபாதான் எடுக்க முடியும். ஆதார் இணையதளத்துல ரேகையைப் பூட்டி வச்சவங்க அதைத் திறந்துட்டு வரணும், இல்லைன்னா விரல் பொருந்தலைன்னே காட்டிக்கிட்டு இருக்கும்.

குழுக்கணக்கு

எல்லாரும் எடுக்கிறதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏழைக்கு வங்கி என்றால் பாதி கடன். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் 5,000 ரூபாய் தேவைப்படுகிறவளுக்குத் தபால் ஆபீஸில் என்ன இருக்கிறது?

இன்று அவள் போகிற இடம் தினவசூல் வட்டிக்காரன். 10,000 என்று பேர், 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவான், நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்த்தால் 15 சதவீதம் மாதிரித் தெரியும். ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் வருஷக் கணக்கில் 120 சதவீதத்துக்கு மேல் ஓடுகிறது. கைமாற்று மூணு வட்டி என்றால் வருஷத்துக்கு 36.

ஐபிபிபி கடன் தராது, சரி. ஆனால் மாதாமாதம் கட்டிச் சேர்க்கிற பழைய தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் கடன் உண்டு, அதை யாருமே சொல்வதில்லை. ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்து வருஷம். 6.7 சதவீத வட்டியில் 100 ரூபாய்க்கு முடிவில் 7,136 ரூபாய் சொச்சம் வரும், கட்டியது 6,000. பன்னிரண்டு தவணை தவறாமல் கட்டிய பிறகு இருப்பில் பாதியைக் கடனாக எடுக்கலாம். வட்டி, ஆர்.டி. வட்டியோடு 2 சதவீதம் கூட. அதாவது 8.7. மாதம் 500 கட்டுகிறவளுக்கு ஒரு வருஷ முடிவில் 3,000 கிடைக்கும். ஜாமீன் கேட்க மாட்டார்கள், நகை வேண்டாம், வீட்டு முன்னால் வந்து யாரும் உட்கார மாட்டார்கள்.

இதில் தவறுகிற இடம் ஒன்றே ஒன்று, தவணை விடுவது. ஒரு மாதம் விட்டால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், அது பெரிதில்லை. நாலு தவணை விட்டால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் எழுப்பாவிட்டால் அப்புறம் கட்டவே முடியாது. வேலை இல்லாத மாசத்தை மனதில் வைத்து, 500 முடியும் என்கிறவளை 300க்குத் தொடங்கச் சொல்லுங்கள். மார்கழி, தையில் கையில் காசு இருக்கும்போது முன்கூட்டியே கட்டி வைக்கலாம். ஆறு மாதத் தவணையைச் சேர்த்துக் கட்டினால் கொஞ்சம் தள்ளுபடியும் உண்டு.

இதற்கு மேல் பெரிய கடன் தேவைப்படுகிறவளுக்குத் தபால் ஆபீஸ் தீர்வாகாது. அதற்குக் குழுவும் சொசைட்டி நகைக்கடனும்தான். வட்டிக்காரனிடமிருந்து வெளியே வரப் பெண்கள் தாங்களே சேமித்துத் தாங்களே கடன் கொடுத்துக்கொண்ட களஞ்சியம் என்ற குழு இயக்கம் இந்த மதுரை மண்ணில்தான் 1990களில் வேர்விட்டது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோன அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்கு 2019இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் நடத்திய கணக்கு அது. உங்கள் ஊரில் குழு இருந்தால் அதைத் தபால் ஆபீஸுக்குப் போட்டியாக நினைக்காதீர்கள் தம்பி. சேமிப்பு தபாலில், கடன் குழுவில் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நிற்கும்.

முகாம் நடந்தால் இதையும் பாருங்கள். கணக்கு தொடங்குகிற மேஜையிலேயே விபத்துக் காப்பீட்டுக்கும் விரல் வைக்கச் சொல்வார்கள், ஊழியர்களுக்கு இலக்கு இருக்கிறது. கணக்குக்கும் காப்பீட்டுக்கும் சம்பந்தமில்லை, வேண்டாம் என்று சொல்லலாம். காப்பீடு வேண்டுமென்றால் வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும் மத்திய அரசுத் திட்டத்திலேயே இருக்கின்றன. எது பிடித்தாலும் கணக்கில் இருந்துதான் கழியும் என்பதைச் சொல்லிவிட்டுப் பிடிக்கட்டும்.

தபால்பை

ஆர்.டி. கடனை எடுத்துச் சொன்னதற்கு நன்றி அம்மா. கிளை அஞ்சலகத்தில் விண்ணப்பம் வாங்கி மேலே அனுப்புவார்கள், அன்றைக்கே பணம் வராது, அதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாந்தோப்பு, தீர்மானத்தில் “தபால் ஆபீஸை வங்கியாக்குக” என்று எழுதினால் “ஏற்கெனவே வங்கிச் சேவை வழங்கப்படுகிறது” என்று ஒரு வரிப் பதில் வரும், கதை முடிந்தது. நாற்காலிக்காரர் ஒருவர் கையெழுத்தில் முடிகிற காரியங்களாகக் கேளுங்கள்.

கோட்ட அஞ்சல் கண்காணிப்பாளருக்கு ஒன்று. கிளையின் கையிருப்பு வரம்பைக் கடந்த ஆறு மாதப் பட்டுவாடாவைப் பார்த்து உயர்த்த வேண்டும்; உரிமைத் தொகை ஏறுகிற 15ஆம் தேதியை ஒட்டி மூன்று நாளைக்குக் கூடுதல் பணம் பையில் வர வேண்டும். ஏ.பி.பி.எம். என்கிற உதவி கிளை போஸ்ட் மாஸ்டர் கருவியோடு ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் வாரத்தில் குறித்த நாள், குறித்த நேரம் வர வேண்டும். வாசல் சேவைக்கு எதற்குக் கட்டணம், எதற்கு இல்லை என்று தமிழில் பலகை வைக்க வேண்டும். வேலை நேரத்தை நாலிலிருந்து ஐந்து மணியாக்கவும் கேளுங்கள். அந்த நாலு மணி நேரத்துக்கு பி.பி.எம்.க்கு அடிப்படை ஊதியமே 12,000 ரூபாயில்தான் தொடங்குகிறது. அதற்குள் தபால், சேமிப்பு, காப்பீடு, ஐபிபிபி எல்லாம் அவர் தலையில். நேரத்தைக் கூட்டாமல் வேலையை மட்டும் கூட்டினால் ரசீது கொடுக்காமல் விடுகிற பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கும். இதன் நகல் கணக்கு அலுவலகப் போஸ்ட் மாஸ்டருக்கும் போகட்டும், பையில் பணம் வைக்கிறவர் அவர்.

முன்னோடி வங்கி மேலாளருக்கு இன்னொன்று, வரவுப்பத்தி சொன்ன நிலையான முகவருக்காக. இரண்டையும் ஒரே தீர்மானத்தில் கலக்காதீர்கள், ஒருவர் மற்றவருக்குத் தள்ளிவிடுவார். தனித்தனி எண், தலைவர் கையெழுத்து, செயலர் முத்திரை, ஸ்பீட் போஸ்ட்.

மாந்தோப்பு

சார், ரேகைக்காரன் தம்பி சொன்ன எண்ணை அடித்துப் பார்த்ததில் முதல் ஏழு பேருக்கும் வேறு வங்கிதான் காட்டுகிறது. மீதிப் பேருக்கு நாளை. தீர்மானத்தோடு வைக்க, வீடு வீடாகப் போய் யாருக்கு எந்தக் கணக்கு, என்ன தொகை என்று ஆதார் ஜெராக்ஸோடு ஒரு பட்டியல் எடுக்கலாம் என்று இருக்கிறோம்.

ரேகைக்காரன்

அண்ணே, ஜெராக்ஸ் மட்டும் வாங்காதீங்க. ஆதார் எண்ணும் கணக்கும் ஒரே தாள்ல ஊர் பூராச் சுத்துனா வேற வினை வந்து சேரும். குக்கிராமம், ஆள் எண்ணிக்கை, மாசம் வர்ற மொத்தத் தொகை, இந்த மூணு போதும். கண்காணிப்பாளருக்கு கையிருப்பு வரம்பு போட அதுக்கு மேல ஒண்ணும் தேவைப்படாது. *99*99*1# அடிக்கிறப்பவும் அவங்க போன்லயே அவங்க கையாலயே அடிக்கச் சொல்லுங்க.